குட்டி நாய்க்குக் கோரைப் பல் இரட்டையாக நின்றால்: சிறிய இனங்களில் பால் பல் விழும் காலம்

கேள்வி இதுதான்: ஐந்தரை மாதப் பொமரேனியன் குட்டி. முன்பற்கள் எல்லாம் விழுந்து புதிதாக முளைத்துவிட்டன. ஆனால் கோரைப் பல் இருக்கும் நான்கு மூலையிலும் பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு நிற்கின்றன. தானாக விழும்வரை பொறுக்கலாமா? இல்லை, அடுத்த சில மாதங்களில் கருத்தடை அறுவை செய்யும்போது சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா? குட்டி சில நாட்களாக உலர் உணவைக் கொறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது, பொம்மையில் ரத்தக் கறை தெரிகிறது. கால்சியம் சிரப் கொடுத்தால் பல் சீக்கிரம் விழுமா?

பதில்: புதுக் கோரைப் பல் ஈறைக் கிழித்து வெளியே வந்துவிட்டது, பழையது ஆடாமல் கெட்டியாக நிற்கிறது என்றால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை வரை தள்ளிப்போட வேண்டாம். கால்சியம் சிரப் வேண்டவே வேண்டாம். பொம்மையில் இருக்கும் ரத்தக் கறை இயல்பானதுதான். சாப்பிடாமல் இருப்பது மட்டும் இரண்டு விதமாக இருக்கலாம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

குட்டிக்கு மொத்தம் 28 பால் பற்கள். மேலே 14, கீழே 14. மூன்று வார வயதில் எட்டிப் பார்க்கத் தொடங்கி, எட்டு வாரத்தில் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஏறக்குறைய எல்லாமே வந்திருக்கும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்: மேலே 20, கீழே 22. கூடுதலாக வரும் 14 பற்களுக்குப் பால் பல் முன்னோடி கிடையாது. பின்னால் வரும் கடைவாய்ப் பற்களும், கோரைப் பல்லுக்கு அடுத்து முளைக்கும் சின்னஞ்சிறிய முதல் முன்கடைவாய்ப் பல்லும் அந்த வகை. அவை விழுந்து முளைப்பவை அல்ல, நேராகவே முளைப்பவை. ஆகவே பின்னால் புதிதாக ஒரு பல்லைப் பார்த்துவிட்டு "இதன் பால் பல் எங்கே போனது" என்று தேட வேண்டாம்.

விழும் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மூன்று மாதம் தாண்டியதும் நடு முன்பற்கள் ஆடத் தொடங்கும். ஐந்து மாதத்துக்குள் மேலும் கீழும் ஆறாறு முன்பற்கள் மாறிவிடும். முன்கடைவாய்ப் பற்களும் கோரைப் பற்களும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள், கடைசிக் கடைவாய்ப் பற்கள் ஐந்திலிருந்து ஏழு மாதத்துக்குள் வரும். சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், பொமரேனியன், டாய் பூடில் போன்ற சின்ன இனங்கள் இந்தக் கணக்கில் கடைசி ஓரத்தை ஒட்டியே நடக்கும். பக்கத்து வீட்டு லாப்ரடாருக்கு ஐந்து மாதத்தில் எல்லாம் மாறிவிட்டதே என்று ஒப்பிட்டுப் பதற வேண்டியதில்லை. கொஞ்சம் தாமதமாவது வேறு, பழையதும் புதியதும் சேர்ந்து நிற்பது வேறு. முதலாவது பிரச்சினையே இல்லை. இரண்டாவதுதான் பிரச்சினை.

பால் பல் எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். புதுப் பல் கீழிருந்து தள்ளுவதால் பழையது கழன்று விழுகிறது என்று நினைப்போம். உண்மையில், புதுப் பல்லும் அதைச் சுற்றியுள்ள திசுப்பையும் மேலே ஏறி வரும்போது, பால் பல்லின் வேரை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. வேர் கரைந்து முடிந்தால் மேலே வெறும் தொப்பி மட்டும் ஈறில் தொற்றிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்றைக் கடிக்கும்போது அது கழன்றுவிடும். கீழே விழுந்து கிடக்கும் பால் பல்லை எடுத்துப் பார்த்தால் வேரே இல்லாமல் குழிந்த ஓடுபோல இருப்பது அதனால்தான். பெரும்பாலான குட்டிகள் விழுந்த பல்லை உணவோடு விழுங்கிவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வேர் கரையவில்லை என்றால் பல் விழாது. சின்ன இனங்களில் இது அடிக்கடி நடக்கிறது, அதிலும் கோரைப் பல்லில்தான் மிக அதிகம். அடுத்தபடியாக முன்பற்கள், பிறகு முன்கடைவாய்ப் பற்கள். பரம்பரையாக வரும் போக்கு இதில் உண்டு. உடல் சிறுத்த அளவுக்குப் பல் சிறுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்: இரண்டு கிலோ நாயின் தாடைக்கு அதன் பற்கள் அளவில் பெரியவை. இடம் நெருக்கடி. புதுப் பல் நேர் பாதையிலிருந்து கொஞ்சம் விலகி முளைத்தாலும், பழைய பல்லின் வேரைத் தொடாமலே பக்கத்தில் ஏறிவிடும். வேர் அப்படியே நிற்கும்.

இப்போது கோரைப் பல்லுக்கு வருவோம். இதில் சில மில்லிமீட்டர்தான் விஷயம். மேல் தாடையில் புதுக் கோரைப் பல் பால் பல்லுக்கு முன்பக்கமாக, அதாவது மூக்கின் பக்கமாக முளைக்கும். கீழ்த் தாடையில் புதுக் கோரைப் பல் பால் பல்லுக்கு உட்பக்கமாக, நாக்கின் பக்கமாக முளைக்கும். முன்பற்களிலும் புதியது உட்பக்கமாகத்தான் வரும். எது பழையது என்று குழம்பினால் இந்த இட அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோற்றமும் உதவும்: பால் கோரைப் பல் ஊசி மாதிரி மெல்லியது, சற்று வளைந்தது, ஒளி ஊடுருவும் வெண்மை. புதியது அடிப்பக்கம் தடித்து, தந்த நிறத்தில் பருத்திருக்கும். புது முன்பற்களின் விளிம்பில் மூன்று சிறு மேடுகள் தெரியும். நடுவில் பெரியது, இரு பக்கமும் சிறியவை. தேய்மானம் ஆகாத புதுப் பல்லின் முத்திரை அது.

வாய் மூடியிருக்கும்போது, கீழ்க் கோரைப் பல் உட்கார வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேல் தாடையில் கடைசி முன்பல்லுக்கும் மேல் கோரைப் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அது. பால் கோரைப் பல் விழாமல் நின்றால் அந்த இடம் இரு பக்கத்திலிருந்தும் கெடுகிறது. மேலே பழைய பல் பின்னால் நிற்பதால் புதுக் கோரைப் பல் முன்னோக்கித் தள்ளப்பட்டு இடைவெளி குறுகிவிடுகிறது. கீழே பழைய பல் வெளிப்பக்கம் சுவர்போல நிற்பதால் புதுப் பல் வெளியே சாய முடியாமல் உள்ளுக்குள்ளேயே நேராக ஏறுகிறது. முடிவு: குட்டி வாயை மூடும்போதெல்லாம் கீழ்க் கோரைப் பல்லின் கூர்முனை மேலண்ணத்தில் குத்துகிறது. முதலில் ஒரு சிவந்த புள்ளி, பிறகு ஒரு பள்ளம். கவனிக்காமல் விட்டால் வாய்க்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஓட்டையே விழலாம். தண்ணீர் குடித்தபின் தும்முவது, ஒரு பக்க மூக்கில் சளி வடிவது எல்லாம் அதன் பின்விளைவுகள்.

இதனால்தான் "பார்க்கலாம், விழுந்துவிடும்" என்ற ஆலோசனை கோரைப் பல்லுக்குப் பொருந்தாது. புதுப் பல் ஏறிக்கொண்டிருக்கும் சில வாரங்கள்தான் கையில் இருக்கும் அவகாசம். அந்தச் சமயத்தில் பழையதை எடுத்துவிட்டால், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் புதுப் பல் பல நேரங்களில் தானாகவே சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும். பல் முழு உயரம் வந்து தாடையில் நிலைத்த பிறகு எடுத்தால், அழுக்கு சேர்வது மட்டும்தான் நிற்கும். கோணல் கோணலாகவே இருக்கும். அதன்பின் பல்லை நகர்த்தக் கருவி பொருத்துவது, முனையைக் குறைத்து உள்ளே மருந்து வைத்து அடைப்பது, அல்லது நல்ல பல்லையே பிடுங்குவது என்று வேலை பெரிதாகிவிடும்.

கருத்தடையோடு சேர்த்துச் செய்யலாமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பது நல்ல யோசனைதான். ஆனால் நாளைப் பல்தான் தீர்மானிக்க வேண்டும். அறுவை இரண்டு வாரத்துக்குள் இருந்தால், பல் அண்ணத்தில் குத்தாமலும் இருந்தால், மருத்துவர் சேர்த்துச் செய்ய ஒப்புக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் தள்ளி என்றால், கருத்தடையைப் பல்லுக்காக முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பல்லை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? மூன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை வாரம் ஒருமுறை போதும். குட்டி தூங்கி எழுந்து சோம்பலாக இருக்கும் நேரம் பாருங்கள். வாயைப் பிளக்க வேண்டாம். முதலில் மூடிய வாயிலேயே முன் உதட்டை மட்டும் தூக்கி, மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை லேசாக மூடி நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு பக்க உதட்டைத் தூக்கி, கீழ்க் கோரைப் பல் எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். வெளியே அதன் முனை தெரிகிறதா, அல்லது மேல் ஈறுக்கு உள்ளே மறைந்துவிடுகிறதா? மறைந்தால் அண்ணத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் வாயைத் திறந்து, செல்போன் விளக்கில் மேல்பக்கம் பள்ளமோ சிவப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அதே கோணத்தில் இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "போன வாரம் எவ்வளவு வந்திருந்தது" என்ற கேள்விக்கு நினைவை நம்ப முடியாது. மருத்துவருக்கும் அந்தப் படங்கள்தான் அதிகம் பயன்படும்.

ஷி ட்சூ, பக், பெக்கினீஸ் போன்ற தட்டை மூக்கு இனங்களில் கீழ்த் தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது இன இயல்பு. அவற்றுக்கு மேலே சொன்ன முன்பல் கணக்கு பொருந்தாது. ஆனால் இரட்டைப் பல் கூடாது என்ற விதி அவற்றுக்கும் உண்டு.

பழைய பல் ஆடுகிறதா என்று சோதிக்க, விரல் நுனியால் மெதுவாக ஒருமுறை தொட்டால் போதும். நன்றாக ஆடினால் வேர் கரைந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம், அதிகபட்சம் இரண்டு வாரம் பார்க்கலாம். துளியும் அசையவில்லை, புதியதோ பாதி உயரம் வந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் மட்டும் நிற்பதும் அப்படித்தான். இரண்டு பற்களும் ஒட்டி நிற்கும் இடுக்கில் முடியும் உணவுத் துணுக்கும் சிக்கி, சில வாரங்களிலேயே மஞ்சளாகப் படிவதைப் பார்க்கலாம். ஈறு நோய்க்கு ஏற்கெனவே பேர்போன சின்ன இனங்களில் அந்த இடத்தில்தான் எலும்பு முதலில் கரையத் தொடங்கும்.

விழாத பல்லை விழவைக்கச் சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவை வேலைக்கு ஆகாதவை, சில ஆபத்தானவை. கெட்டியான எலும்பைக் கொடுத்தால் கடித்துக் கடித்தே விழுந்துவிடும் என்பார்கள். கடிப்பதால் வேர் கரையாது. ஏற்கெனவே கரைந்த பல் மட்டும்தான் கடிக்கும்போது கழலும். கயிறு பொம்மையை வெடுக்கென்று இழுத்தால் பல் வந்துவிடும் என்பது இன்னும் மோசம். பால் கோரைப் பல்லின் வேர், வெளியே தெரியும் பகுதியைவிட நீளமானது, மெல்லியது, வளைந்தது. இழுத்தால் பல் வராது, ஈறுக்கடியில் முறியும். இடுக்கி எடுத்து வீட்டிலேயே பிடுங்குபவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. உள்ளே தங்கும் வேர்த்துண்டு சீழ்பிடிக்கலாம், புதுப் பல்லைத் தொடர்ந்து கோணலாகத் தள்ளலாம். பக்கத்தில் இன்னும் முழுதாக முற்றாத புதுப் பல்லின் எனாமலில் அடிபட்டால் ஆயுளுக்கும் மாறாத தழும்பு விழும்.

கால்சியம் சிரப்பும் இந்தப் பட்டியலில்தான் சேரும். குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவைச் சாப்பிடும் குட்டிக்குத் தேவையான கால்சியமும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் கிடைத்துவிடுகின்றன. மேலே சிரப் ஊற்றினால் அந்த விகிதம்தான் கெடும். பால் பல் விழாததற்குக் கால்சியம் குறைவு காரணமே அல்ல. பொமரேனியன், யார்க்கி வைத்திருப்பவர்கள் பல் மாறும் சமயத்தில் நிமிர்ந்த காது திடீரென்று தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கால்சியம் கொடுப்பதுண்டு. காத்திருங்கள், அது பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும்.

பல் எடுக்கும் நாளில் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்கலாம். முழு மயக்க மருந்து கட்டாயம். பிடித்துக்கொண்டு, விழித்திருக்கும்போதே பிடுங்குகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியிருக்க வேண்டும். வாயில் வடியும் ரத்தமும் நீரும் நுரையீரலுக்குப் போகாமல் காப்பது அதுதான். பல்லுக்கான எக்ஸ்ரே முதலில் எடுக்க வேண்டும்: வேர் எவ்வளவு மீதி இருக்கிறது, புதுப் பல் எங்கே நிற்கிறது, அதைவிட முக்கியமாக, பால் பல்லுக்கு அடியில் புதுப் பல் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே சில புதுப் பற்கள் உருவாவதில்லை. அப்படியானால் ஆரோக்கியமாக இருக்கும் பால் பல்லை எடுக்காமல் விட்டுவைப்பதே சரி. பழையது எது, புதியது எது என்று தவறிப்போய் நல்ல பல்லை எடுத்துவிடாமல் காப்பதும் எக்ஸ்ரேதான்.

அந்த இடம் மரத்துப்போக நரம்பு ஊசியும் போடுவார்கள். பிறகு மெல்லிய நெம்புகருவியால் பல்லைச் சுற்றியுள்ள தசைநாரைப் பொறுமையாக அறுத்துத் தளர்த்துவார்கள். அவசரப்பட்டால் வேர் முறியும். நான்கு கோரைப் பல் என்றால் நேரம் பிடிக்கும் வேலைதான். வேர் முனை வரை முழுதாக வந்ததா என்று கேளுங்கள், எடுத்த பல்லைக் காட்டச் சொல்லுங்கள். நீளமான, முனை மழுங்கிய, முழு வேர் தெரிய வேண்டும்.

சின்னக் குட்டிகளுக்கு மயக்கத்தில் இரண்டு விஷயங்கள் சிக்கல் கொடுக்கும்: உடல் சூடு வேகமாக இறங்கும், ரத்தச் சர்க்கரையும் இறங்கும். அதனால் முந்தின இரவிலிருந்து பட்டினி போடும் பெரிய நாய் கணக்கு இவற்றுக்குக் கூடாது. எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சில மணி நேரம்தான் சொல்வார்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. கண் விழித்து நிற்கத் தொடங்கியதும் கொஞ்சம் மென்மையான உணவு கொடுக்கச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு தெரிவது சாதாரணம். சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தால் சாதாரணமல்ல. ஒரு வாரத்துக்கு ஊறவைத்த உணவு, கடிக்கும் பொம்மை கிடையாது, இழுபறி விளையாட்டு இரண்டு வாரத்துக்குக் கிடையாது. போட்ட தையல் தானே கரைந்துவிடும் வகையாக இருக்கும். வலி மருந்தை மருத்துவர் எடைக்கு ஏற்ப எழுதித் தந்ததை மட்டும், சொன்ன நாள் வரை கொடுங்கள். இரண்டாவது வாரக் கடைசியில் ஈறு மூடிவிட்டதா, புதுப் பல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். பல் மாறும்போது ஈறு சிவந்து லேசாக வீங்கும், எச்சில் கூடும், வாயில் இரும்பு வாடை அடிக்கும், உலர் உணவைக் கடிக்கத் தயங்கும். இதுவரை இயல்பு. உணவை வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, விரலால் நசுங்கும் பதத்தில் கொடுத்துப் பாருங்கள். ஆவலாகச் சாப்பிட்டால் வாய்வலிதான் காரணம், கவலையில்லை. ஊறிய உணவையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் பல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். வாந்தி, கழிச்சல், 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் உடல் சூடு, சுருண்டு படுப்பது — இவை எதையும் பல் முளைப்பது உண்டாக்காது. பல் மாறும் மாதங்களும், கடும் வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ வைரஸுக்குக் குட்டிகள் எளிதில் ஆளாகும் மாதங்களும் ஒன்றோடொன்று மோதுவதால், "பல் முளைக்குது, அதான் கழியுது" என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிடுவது குட்டியின் உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டு மூன்று கிலோவுக்குள் இருக்கும் குட்டிகள் ஒரு வேளையைத் தவறவிட்டாலே கவனம் வேண்டும், நான்கு மாதத்துக்கு உட்பட்டவை இன்னும் அதிகம். ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நடை தள்ளாடுவது, உடல் நடுங்குவது, கண் வெறிப்பது, ஈறு வெளிறிக் குளிர்வது எல்லாம் சர்க்கரை இறங்கும் அடையாளம். தேனோ சர்க்கரைக் கரைசலோ விரலில் எடுத்து ஈறில் தடவுங்கள், துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தடுமாறும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பல் மாறும் காலம் முழுக்கச் சாப்பாட்டை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் இந்த நிலை வராமல் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கடிக்க என்ன கொடுப்பது என்பதில் ஒரே சோதனை போதும்: பொம்மையின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழ வேண்டும். விழாத எதுவும் அந்த ஊசிப் பல்லை உடைக்கும். எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கல் மாதிரியான நைலான் பொம்மை, ஐஸ் கட்டி எல்லாமே இதில் அடிபட்டுப்போகும். பதப்படுத்திய தோலைச் சுருட்டிச் செய்த கடி பண்டங்கள் ஊறி வழவழத்ததும் துண்டாக விழுங்கப்பட்டுத் தொண்டையில் சிக்கும். அளவைப் பொறுத்தவரை, கோரைப் பல்லுக்குப் பின்னால் முழுதாகப் போகக் கூடிய எதுவும் வேண்டாம். மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்வது சின்னக் கைத்துண்டு: நனைத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, உறைநிலைப் பெட்டியில் ஒரு மணி நேரம். ஈறின் எரிச்சல் குளிர்ச்சியில் அடங்கும். கூடவே உட்கார்ந்திருங்கள். உருகித் தொளதொளத்ததும் வாங்கிவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். நூல் பிரிய ஆரம்பித்த துணியும் கயிறும் குப்பைக்குத்தான் போக வேண்டும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி வெட்டக் கூடியது.

கையைக் கடிப்பதற்கு அடிப்பதோ வாயை அழுத்திப் பிடிப்பதோ வேண்டாம். கைக்குப் பதிலாகப் பொம்மையை வாயில் கொடுத்து மாற்றுங்கள். மாலையில் வெறிபிடித்ததுபோலக் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டிதான், கூண்டில் படுக்கவைத்தால் அடங்கிவிடும்.

மனிதக் குழந்தைகளுக்கான ஈறு ஜெல், பாராசிட்டமால், இபுபுரூஃபன், கிராம்பு எண்ணெய் எதுவும் நாய்க்குக் கூடாது. ஜெல்லில் இருக்கும் பென்சோகெய்ன் ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமப்பதையே தடுக்கும். சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்த பற்பசை சில கிராம் போனாலே சின்னக் குட்டியின் சர்க்கரை சரிந்துவிடும்.

இதற்கு நடுவில் பால் பல் ஒன்று உடைந்தால் "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று விடுவது வழக்கம். உடைந்த முனையில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே இருக்கும் பற்கூழ் திறந்துவிட்டது. அது வலிக்கும். கிருமி வேர் வழியாக இறங்கி, அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் புதுப் பல்லைக் கெடுக்கும். அதையும் மருத்துவர் எடுத்துவிட வேண்டும்.

பல் தேய்ப்பதை இந்தக் காலத்தில் தொடங்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். ஈறு புண்ணாக இருக்கும் வாரங்களில் ஈரத் துணியை விரலில் சுற்றி, முன்பல்லை மட்டும் பத்து விநாடி துடைத்தால் போதும். வலிக்கும்போது பிரஷை நுழைத்துப் பழக்கினால், ஏழு மாதத்துக்குப் பிறகு தினமும் தேய்க்க வேண்டிய காலத்தில் கிட்டேயே விடாது.

ஏழு மாதம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். 42 இருக்கிறதா என்று வீட்டில் எண்ணுவது கடினம், கடைசிக் கடைவாய்ப் பற்கள் எளிதில் கண்ணில் படாது. ஆனால் கோரைப் பல்லுக்குப் பின்னால் ஒரு பல் அளவு வெற்றிடம் தெரிகிறதா என்பதைப் பார்க்கலாம். அங்கே வர வேண்டிய முதல் முன்கடைவாய்ப் பல் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது ஈறுக்கடியில் சிக்கியிருக்கலாம். இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிக்கியிருந்தால் அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடை எலும்பை உள்ளிருந்தே அரிக்கக் கூடும், தட்டை மூக்கு இனங்களில் இது அதிகம். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே கட்டி வளரும் என்பதால், இரண்டில் எது என்று சொல்ல எக்ஸ்ரே ஒன்றுதான் வழி. கோரைப் பல்லுக்காக மயக்கம் கொடுக்கும்போது வாய் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் அந்தப் பற்கள் உள்ளே இருக்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஏழு மாதத்துக்குப் பிறகும் வெளியே வராத பல்லை மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.